பானெட் உயர உயர, காயமும் மேலே ஏறுகிறது

சாலையில் நடந்து போனவர் அடிபட்டு வந்தால், ஸ்ட்ரெச்சரில் இருந்து இறக்கும்போதே நான் ஆம்புலன்ஸ்காரர்களிடம் கேட்டுவிடுவேன், மோதியது என்ன வண்டி என்று. காரா, எஸ்யூவியா, பிக்கப் டிரக்கா என்பது தெரிந்தால் உடம்பில் எங்கே முதலில் தேட வேண்டும் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

சின்ன கார் என்றால் பம்பர் முழங்காலை ஒட்டி இடிக்கும், ஆள் பானெட் மேல் சாய்வார், கண்ணாடியில் தலை மோதலாம். அதுவும் ஆபத்துதான், ஆனால் முதல் அடியைக் கால் எலும்பு வாங்கிக்கொள்கிறது, உடைந்த காலைப் பிளேட்டும் கம்பியும் வைத்துச் சேர்த்துவிட முடியும். முகப்பு உயரமான வண்டியில் அந்த முதல் அடி இடுப்பெலும்பிலும் வயிற்றிலும் நெஞ்சிலும் விழுகிறது. வெளியே சிராய்ப்பு மட்டும் தெரியும், உள்ளே மண்ணீரல் கிழிந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும். ஆள் மேலே சாயாமல் முன்பக்கம் கீழே தள்ளப்படுவதால் சக்கரம் ஏறுவதும் உண்டு. குழந்தை என்றால் முதல் அடியே தலையில்.

இந்த வண்டிகள் ஏன் இவ்வளவு பெருகின? அமெரிக்காவைப் பாருங்கள். ஃபோர்டு 2018 ஏப்ரலில், வட அமெரிக்காவில் ஃபியஸ்டா, ஃபோகஸ், ஃப்யூஷன், டாரஸ் எல்லாவற்றையும் கைவிடுவதாக அறிவித்தது, ஏற்கெனவே விற்றுவந்த கார்களில் மிஞ்சியது மஸ்டாங் மட்டும்தான். சின்ன காரில் லாபம் குறைவு, பெரிய வண்டியில் அதிகம் என்பது முக்கியக் காரணம். அதோடு, எரிபொருள் சிக்கன விதியில் எஸ்யூவிகளில் பெரும்பகுதியும் பிக்கப்களும் 'இலகு டிரக்' என்ற தனி வகையில் வருகின்றன, அவற்றுக்கான வரம்பு கார்களைவிடத் தளர்வானது. வெளிநாட்டு பிக்கப்களுக்கு 1964 முதலே 25 சதவீத இறக்குமதி வரி வேறு, அதனால் உள்நாட்டு நிறுவனங்களுக்கு பிக்கப்பில் போட்டி குறைவு. மக்கள் விரும்பி வாங்குகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்த விருப்பத்துக்கு விதிகளும் நிறையவே தோள் கொடுத்திருக்கின்றன.

அமெரிக்காவில் 2009-இல் சாலை விபத்தில் இறந்த பாதசாரிகள் சுமார் 4,100 பேர், 2022-இல் 7,500-ஐத் தாண்டிவிட்டது. வேகம், இருட்டு, சாலை அமைப்பு என்று காரணங்கள் பல. வண்டியின் முகப்பும் அதில் ஒன்று. காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு (IIHS) 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பானெட் 40 அங்குலத்துக்கு மேல் இருந்தால், 30 அங்குலத்துக்குள் சரிவாக இருப்பதைவிட, மோதப்பட்ட பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. நான்கு வயதுக் குழந்தையின் உயரமே ஏறக்குறைய 40 அங்குலம்தான்! நடுத்தர உயரத்தில்கூட சுவர் மாதிரி நிமிர்ந்த முகப்பு சரிவானதைவிட ஆபத்தானது என்றும் அதே ஆய்வு சொல்கிறது, அப்படியென்றால் வடிவமைப்பிலேயே இதைக் குறைக்க முடியும். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அப்புறம், என்னால் மறக்கவே முடியாத விபத்துகள் வீட்டு வாசலில் நடப்பவை. வண்டி நகர்வதே நடை வேகத்தில்தான், ஓட்டுபவர் அந்தக் குழந்தையின் அப்பாவோ தாத்தாவோதான். பின்னால் பார்க்க கேமரா இருக்கிறது, முன்னால் பானெட்டுக்குக் கீழே நிற்கும் பிள்ளை கண்ணில் படுவதே இல்லை. அந்தக் குடும்பத்திடம் பேசுவதற்கு இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை.

பெரிய வண்டி வைத்திருப்பவர்களைக் குறை சொல்ல வரவில்லை, சிலருக்கு அது தேவை. ஏறி உட்காருவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து பாருங்கள், பிள்ளைகள் வீட்டுக்குள் யாருடைய கையிலோ இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு கிளப்புங்கள். திரும்பும்போது முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் வண்டியின் கூரையைத் தாங்கும் தூண் ஒரு ஆளையே மறைத்துவிடும், கொஞ்சம் முன்னால் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்புங்கள். புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால், ஷோரூமில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு உங்கள் பிள்ளையை முகப்புக்கு முன்னால் நிற்கச் சொல்லுங்கள். தலை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.