தெரியாமல் பதிவு செய்த பேச்சு கோர்ட்டில் செல்லுமா?

"சார், அவருக்குத் தெரியாம ரெக்கார்ட் பண்ணிட்டேன். என் மேலேயே கேஸ் வந்துடுமா?" கைமாற்றுக் கடன், வாடகைத் தகராறு, விவாகரத்து என்று எதற்காக வந்தாலும் கட்சிக்காரர்கள் வக்கீலான என்னிடம் குரலைத் தணித்துக்கொண்டு இதைக் கேட்கிறார்கள்.

பயப்பட வேண்டாம். நீங்களும் கலந்துகொண்ட பேச்சை நீங்களே பதிவு செய்வது குற்றம் என்று சொல்லும் தனிச் சட்டப்பிரிவு இந்தியாவில் இல்லை. இதற்கு அடிப்படையான தீர்ப்பு 1972-ல் வந்தது. பம்பாயில் மரண விசாரணை அதிகாரியாக இருந்த மல்கானி, ஒரு மருத்துவரிடம் லஞ்சம் கேட்டதாக வழக்கு. இன்னொரு மருத்துவர் வீட்டுத் தொலைபேசியில் அவருடைய சம்மதத்தோடு போலீஸார் டேப் ரெக்கார்டரை இணைத்துப் பேச்சைப் பதிவு செய்தார்கள். பேசியவர்களில் ஒருவர் சம்மதித்திருப்பதால் இது தொலைபேசிக்கும் பொருந்திய தந்திச் சட்டத்தை மீறியதாகாது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் அந்தப் பதிவைச் சாட்சியமாக ஏற்றது.

நீங்கள் இல்லாத பேச்சு என்றால் கதையே வேறு. மனைவியும் அவர் அம்மாவும் பேசுவதைக் கேட்க மனைவியின் போனில் ரகசியமாக ஒரு ஆப்பை ஏற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள குற்றம். கணவன் என்பதால் விலக்கு கிடையாது. அரசே ஒட்டுக்கேட்பதானாலும் சட்டம் சொல்லும் காரணமும் முறையான உத்தரவும் வேண்டும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கணவன் மனைவி வழக்குகளில் கொஞ்ச காலம் குழப்பம் இருந்தது. மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த அவருடைய அழைப்பு விவரங்களை ஏற்க முடியாது என்று 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றமும் ரகசியப் பதிவை ஏற்க மறுத்திருந்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த பஞ்சாப் தீர்ப்பை ரத்து செய்து, கணவன் மனைவி பேச்சை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் அவர்களுக்குள் நடக்கும் திருமண வழக்கில் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கிறார்கள் என்றாலே அந்த உறவு முன்பே முறிந்துவிட்டது என்பது நீதிபதிகளின் பார்வை. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. ஆனால் படுக்கையறையில் கேமரா வைக்க இது அனுமதி இல்லை. அந்தரங்கப் படம் எடுப்பது தனிக் குற்றம்.

சரி, பதிவு செய்தது தப்பில்லை. அப்படியும் வழக்கு ஏன் தோற்கிறது? பதிவு செய்த பிறகு போனை என்ன செய்தார்கள் என்பதில்தான்.

ஒரு கைமாற்றுக் கடன் வழக்கு. புரோநோட்டு இல்லை, செக் இல்லை. வாங்கியவர் போனில், "பொங்கலுக்குள்ள வட்டியோட தந்துடறேன்" என்கிறார். அருமையான ஆதாரம். ஆனால் கட்சிக்காரர் அந்த வரி வரும் ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டித் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, போனைக் கடையில் கொடுத்துப் புதியது மாற்றிக்கொண்டார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாகக் கேட்டார்: இது எந்த போனில் பதிவானது? அந்த போன் எங்கே? இதற்கு முன்னும் பின்னும் என்ன பேசினீர்கள்? எதற்குமே பதில் இல்லை. வாங்கிய பணம் வாங்கியதுதான் என்று இருவருக்கும் தெரியும், அதை நிரூபிக்கத்தான் வழியில்லாமல் போனது.

குரல் யாருடையது என்று அடையாளம் காட்ட வேண்டும், வெட்டு ஒட்டு இல்லை என்று நிரூபிக்க வேண்டும், பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் நிபந்தனை வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாட்சியச் சட்டம். அதன் 63-வது பிரிவுப்படி, பதிவை பென் டிரைவிலோ சிடியிலோ நகலாகக் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம். முதல் பகுதியை நீங்களும் இரண்டாம் பகுதியை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பில் இருப்பதை வைத்துக் கணினி கணக்கிடும் அடையாளக் குறியீட்டையும், எழுத வேண்டும். கோப்பில் சிறு மாற்றம் செய்தாலும் அந்த மதிப்பு மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். போன் உங்களுடையதாக இருந்து, அதையே எடுத்துக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறினால் சான்றிதழ் தேவையில்லை என்று பழைய சட்டத்தின் கீழ் 2020-ல் ஒரு தீர்ப்பு வந்தது. அதனால்தான் வருகிற எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்: போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், முழுப் பதிவையும் அப்படியே வையுங்கள். ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு போனில் பதிவு செய்திருந்தால், பத்திரப்படுத்த வேண்டியது அந்த இன்னொரு போனை.

பதிவை ஸ்டேட்டஸில் போட்டால் அவதூறு வழக்கு வரலாம். காட்டி மிரட்டிப் பணம் கேட்டால் அதுவும் குற்றம்.

அப்புறம், லஞ்சம். அலுவலகத்தில் கேட்ட பணத்தைக் கொடுத்து முடித்துவிட்டு, மாதக்கணக்கில் கழித்து ரெக்கார்டிங்கோடு வருகிறார்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் பாதுகாப்பு. அந்த நாள் தாண்டினால், நீங்கள் பதிவு செய்த குரலே உங்களுக்கு எதிராகவும் பேசும். கேட்ட அன்றே, பணம் கைமாறும் முன்பே, போனோடு லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போய்விடுங்கள்.