ஐஸ் உருகட்டும்: வியர்க்காத பிள்ளையோடு ஒரு மே மாத ரயில் பயணம்

தாம்பரத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மே மாதம் சிவகாசியில் வீட்டு விசேஷம். பகல் ரயிலில் விருதுநகர் போய், அங்கிருந்து பஸ். கூட வரும் ஐந்து வயது மகனுக்குப் பிறவியிலேயே வியர்வைச் சுரப்பிகள் இல்லை. போன தடவை ஜெல் பேக்குகளைத் துண்டில் சுற்றிக் கட்டைப்பையில் வைத்திருந்தார்களாம். விழுப்புரம் வருவதற்குள் எல்லாம் தண்ணீர். “விருதுநகர் வரைக்கும் ஐஸ் கல்லு மாதிரி இருக்க ஏதாவது வழி சொல்லுங்கள்” என்று கேட்கிறார்.

வழி இருக்கிறது. ஆனால் ஐஸ் கல் மாதிரியே இருக்கவேண்டும் என்ற தேவை உண்மையில் இல்லை. அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பையனின் உடம்பு. ஹைப்போஹைட்ராட்டிக் எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்று வாய்க்குள் நுழையாத பெயர் இதற்கு. வியர்வைச் சுரப்பி, பல், முடி மூன்றும் கருவில் ஒரே வகைச் சமிக்ஞையைக் கேட்டு உருவாகின்றன. அந்தச் சமிக்ஞையைத் தரும் ஈடிஏ என்ற மரபணு பழுதானால் மூன்றும் குறைபடும். மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில் என்பதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளிடமே இந்தக் குறைபாடு முழுமையாக வெளிப்படும். சிந்து மாகாணத்தில் ஒரு குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு ஒருசில பற்களே இருந்ததையும், வெயில் காலத்தில் தோல் வறண்டு அவர்கள் அவதிப்பட்டதையும் 1875-இலேயே டார்வின் குறித்து வைத்திருக்கிறார். மகள்களுக்கு வராமல், அவர்கள் வழியாகப் பேரன்களுக்குப் போனதையும் கவனித்திருக்கிறார். பிள்ளைக்குப் பல் முளைக்காததற்கு முன்ஜென்மக் கணக்கு சொல்லி, பரிகாரத்துக்குப் பணம் கேட்டார்கள் என்று வாசகி எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பணத்தில் நல்ல தெர்மோகோல் பெட்டியும் ஒரு மேசை விசிறியும் வாங்கலாம். அந்தத் தாய்மீது எந்தக் குற்றமும் இல்லை.

இப்போது கொஞ்சம் கணக்கு. 18 கிலோ எடையுள்ள பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தாலே சுமார் 45 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. மணிக்கு 160 கிலோஜூல். வெளிக்காற்று 35 டிகிரியைத் தொட்டுவிட்டால் தோலிலிருந்து காற்றுக்கு வெப்பம் போகாது. நமக்கெல்லாம் வியர்த்து ஆவியாகிக் குளிரும். வியர்க்காத உடம்பிலோ மூச்சு வழியாகவும் தோலில் இயல்பாகக் கசியும் ஈரத்தாலும் ஒரு பங்கு போகும், மிச்சமெல்லாம் உள்ளேயே தங்கும். மணிக்குக் கிட்டத்தட்ட 2 டிகிரி ஏறுவதற்கு அது போதும். ஓடி விளையாடினால் இன்னும் வேகமாக ஏறும்.

சரி, ஐஸுக்கு வருவோம். 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற மருத்துவப் பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். ஒரே அளவில் இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் ஐஸ், மற்றதில் ஐஸைவிட ஒரு மயிரிழைதான் சூடான தண்ணீர். இரண்டையும் ஒரே கூடத்தில் தொங்கவிட்டார். தண்ணீர் அரை மணி நேரத்தில் சில டிகிரி ஏறிவிட்டது. ஐஸ் இருந்த குடுவை அதே நிலைக்கு வரப் பத்தரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. இரண்டையும் சுற்றியிருந்தது ஒரே காற்றுதான். அப்படியானால் அந்தப் பத்து மணி நேரமும் ஐஸுக்குள் போன வெப்பம் எங்கே? தெர்மாமீட்டரில் அது தெரியவே இல்லை. ஐஸ் தண்ணீராக மாறுவதிலேயே அத்தனையும் செலவாகிவிட்டது. பள்ளியில் ‘உள்ளுறை வெப்பம்’ என்று ஒரு வரியில் எழுதி மதிப்பெண் வாங்கியது இதைத்தான். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதே இல்லை. ஐஸில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்து ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே வரும் வெப்பம் அவற்றை வேகமாக ஆடவைக்காமல், அந்தப் பிடிகளைத் தளர்த்துவதிலேயே தீர்ந்துபோகிறது. கடைசித் துண்டு ஐஸ் இருக்கும்வரை அந்தக் கலவை சுழியம் டிகிரியைவிட்டு நகராது.

அளவைப் பாருங்கள். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். அதே வெப்பத்தைச் சுழியம் டிகிரித் தண்ணீருக்குக் கொடுத்தால் அது 80 டிகிரிக்குப் போய்விடும். ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் கல்லாகக் கிடந்த ஐஸ் சுழியத்துக்கு ஏறிவர எடுத்துக்கொள்வதோ வெறும் 38 கிலோஜூல். ஆகவே பேக் எவ்வளவு ‘கல்லாக’ இருக்கிறது என்பதில் பெரிய லாபம் கிடையாது. குளிர்ச்சியின் பெரும்பகுதி அது உருகும்போதுதான் வெளியே வருகிறது. விழுப்புரத்தில் தொளதொளவென்று ஆகிவிட்டதே என்று தூக்கிப் போட்ட பேக்கில் ஐஸ் நொறுங்கல் இன்னும் தட்டுப்பட்டிருந்தால், சரக்கில் ஒரு பங்கு உள்ளேயே இருந்திருக்கும்.

கிராம சுகாதார செவிலியருக்கு இது கைப்பழக்கம். தடுப்பூசி முகாமுக்குக் கிளம்பும் காலையில் ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பேக்குகளை எடுத்து மேசைமேல் பரப்பிவைப்பார்கள். உடனே பெட்டிக்குள் போடமாட்டார்கள். பேக்கின்மேல் படிந்த உறைபனி கரைந்து நீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொள்ளும். அப்புறம் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர் சளக்கென்று அசையும் சத்தம் கேட்டால்தான் பெட்டிக்குள் போகும். மைனஸ் 18-இல் இருக்கும் பேக், பக்கத்திலிருக்கும் மருந்தையே உறையவைத்துவிடும். ஹெப்படைட்டிஸ் பி போன்ற தடுப்பூசிகள் உறைந்தால் வீண். தண்ணீர்ச் சத்தம் வந்துவிட்டால் பேக் சுழியத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பிள்ளையின் தோலுக்கும் இதே முறைதான். ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்துக் கழுத்தில் வைத்தால் தோல் பனிப்புண்ணாகும். தோலடி ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடுவதால் உள்சூடும் சரியாக வெளியே வராது. சத்தம் வந்த பேக்கை மெல்லிய துணியில் சுற்றி அக்குள், தொடையிடுக்கு, கழுத்து என்று இடம் மாற்றி மாற்றி வையுங்கள்.

பெட்டி விஷயம் எளிது. கட்டைப்பையை விட்டுவிடுங்கள். இன்சுலின் வந்திறங்கும் தெர்மோகோல் பெட்டி மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும். ஒரு அடி நீளமும் முக்கால் அடிக்குச் சற்று மேல் அகலமும் உயரமும் இருந்து, சுவர் இரண்டரை சென்டிமீட்டர் தடிமன் இருந்தால், 38 டிகிரி வெயிலில் நொடிக்குச் சுமார் 20 ஜூல்தான் உள்ளே நுழையும். இரண்டு கிலோ ஐஸ் அதில் ஒன்பது மணி நேரம் தாங்கும். தடிமனை இரட்டித்தால் நேரமும் கிட்டத்தட்ட இரட்டிக்கும். மூடியின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பேக்குகளை முந்தின இரவே ஃப்ரீசரில் தட்டையாகப் படுக்கவையுங்கள். நடுப்பகுதி உறையாத பேக் பாதிச் சரக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறது.

மூடியைத் திறந்தால் குளிர் போய்விடுமே என்று பயப்படுவார்கள். உள்ளே இருக்கும் காற்றின் எடையே 25 கிராம்தான். ஒரு தடவை திறந்தால், சூடான காற்றையும் அதிலிருக்கும் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட, பத்து கிராம் ஐஸ்கூடக் கரையாது. உண்மையான திருடன் ஸ்டேஷனில் வாங்கி உள்ளே சொருகும் தண்ணீர் பாட்டில். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் குளிர 126 கிலோஜூல் வேண்டும். கிட்டத்தட்ட 375 கிராம் ஐஸைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். குடிதண்ணீருக்குத் தனிப் பை. அல்லது முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களையே உறையவைத்து ஐஸ் பேக்காக எடுத்துப் போங்கள். உருகியதும் குடித்துவிடலாம்.

ஐஸோடு உப்புப் போட்டால் ரொம்ப நேரம் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குல்ஃபிக்காரர் உப்புப் போடுவது கலவையை மைனஸ் 20 வரை இறக்கிப் பாலை உறையவைக்கத்தான். வெளிவெப்பத்துக்கும் உள்குளிருக்கும் வித்தியாசம் கூடினால் பெட்டிக்குள் வெப்பம் இன்னும் வேகமாக நுழையும். ஐஸ் சீக்கிரமே தீரும்.

இன்னொரு வகைப் பேக்கும் உண்டு. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 24 டிகிரிவாக்கில் உருகும். அதேபோல 15, 18 டிகிரியில் உருகும் மெழுகு வகைகளை நிரப்பிக் குளிர்ச்சட்டைகள் விற்கிறார்கள். ஐஸ் தண்ணீரில் போட்டாலே மறுபடி உறைந்துவிடும், ஃப்ரீசர் வேண்டாம். ஒரு கிலோவுக்கு ஐஸைவிடக் குறைந்த வெப்பத்தையே உறிஞ்சும் என்றாலும் தோல் பனிப்புண்ணாகாது. விலைதான் கட்டுபடியாகாது.

கட்டுபடியாகும் ஒன்றைச் சொல்கிறேன். தண்ணீர் உருகும்போது விழுங்கும் வெப்பம் பெரிது என்றேன். ஆவியாகும்போது விழுங்குவது அதைவிடப் பல மடங்கு: தோலின் வெப்பநிலையில் கிலோவுக்குச் சுமார் 2,430 கிலோஜூல். அந்தப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் 160 கிலோஜூலை ஐஸால் மட்டும் வாங்க, உருகிய தண்ணீர் 30 டிகிரிக்கு ஏறும்வரை வைத்திருந்தாலும், 350 கிராம் வேண்டும். நனைந்த பனியனிலிருந்து தண்ணீர் ஆவியானால் 66 கிராம் போதும். ஆவியாவதற்கான வெப்பத்தில் ஒரு பங்கு காற்றிலிருந்தும் வரும் என்பதால் இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் எட்டு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மூன்று கிலோ ஐஸைச் சுமக்கும் வேலை மிச்சம். பையனுக்கு இல்லாத வியர்வையை ஸ்பிரே பாட்டிலால் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் காற்று காய்ந்ததாக இருக்கவேண்டும். சென்னையிலும் செங்கல்பட்டிலும் கடற்காற்றின் ஈரத்தில் பனியன் சீக்கிரம் காயாது. அங்கே ஐஸ் பேக்கை நம்புங்கள். திருச்சி தாண்டினால் காற்று வறண்டுவிடும். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதற்கே அந்த வறட்சி ஒரு காரணம். ஐஸைச் சென்னைப் பக்கம் செலவழித்துவிட்டு, தெற்கே போகப் போக ஈரப் பனியனுக்கு மாறுங்கள். ஜன்னல் காற்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. 40 டிகிரிக் காற்று ஈர உடம்பில் பட்டால் குளிரும், காய்ந்த உடம்பில் பட்டால் சூடேற்றும். பனியன் காய விடாதீர்கள்.

பணம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1953-இல் எடின்பரோவில் டக்ளஸ் ஃபால்கனர் என்பவர் விசித்திரமான ரோமம் கொண்ட ஒரு சுண்டெலி வகையை விவரித்தார். யாருக்கு என்ன பயன் என்று அன்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. அந்த எலிகளில் பழுதாகியிருந்தது இதே ஈடிஏ மரபணுதான் என்று 1990-களில் தெரிந்தது. 2018-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் மருத்துவர்கள், கருவில் இருந்த மூன்று ஆண் சிசுக்களுக்கு, அந்த மரபணு தரவேண்டிய புரதத்தைப் பனிக்குட நீரில் செலுத்தியதையும், பிறந்தபின் மூவருக்கும் வியர்த்ததையும் அறிவித்தார்கள். அரிய நோய் என்று ஒதுக்காமல், உடனடிப் பலன் கேட்காமல் அடிப்படை ஆய்வுக்கு நம் நாட்டிலும் தாராளமாகப் பணம் ஒதுக்கவேண்டும் என்று நான் விடாமல் எழுதுவது இதற்காகத்தான்.

பயணத்தில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் கையில் இருக்கட்டும். உடம்பு சூடேறினால் பாராசிட்டமால் கொடுக்கத் தோன்றும். காய்ச்சலில் மூளையே உடம்பின் வெப்ப இலக்கை உயர்த்துகிறது. அந்த இலக்கைக் கீழே கொண்டுவருவதுதான் மாத்திரையின் வேலை. இங்கே இலக்கு மாறவில்லை, வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்கியிருக்கிறது. மாத்திரையால் அது இறங்காது. உடனே உடம்பு முழுக்க நனைத்து விசிறவேண்டும். பிள்ளை குழறிப் பேசினாலோ, சோர்ந்து சரிந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, நனைத்துக்கொண்டே டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லி அடுத்த ஸ்டேஷனுக்கு மருத்துவரை வரவழையுங்கள். ரயில்வே உதவி எண் 139.