அருகம்புல் தூங்கும் நான்கு மாதம்

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரம் இருப்பது அசல் பாலைவனத்தில். கோடையில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே சாதாரணம். ஆண்டு மழை சராசரியாக 20 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆனால் பிப்ரவரியில் நடக்கும் பீனிக்ஸ் ஓப்பன் கோல்ஃப் போட்டியை டிவியில் பார்த்தால், பக்கத்து ஊரான ஸ்காட்ஸ்டேலில் உள்ள அந்த மைதானம் பச்சைப்பசேல் என்று இருக்கும். அந்தப் பச்சை, கோடையில் அங்கே வளரும் புல்லுடையது அல்ல. கோடைப் புல் அப்போது வைக்கோல் நிறத்தில் அடியில் தூங்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் இலையுதிர் காலத்தில் தூவி முளைக்கவைத்த வேறொரு புல்தான் நம் கண்ணில் படுகிறது. இந்த வேலைக்கு ஓவர்சீடிங் என்று பெயர். மேல்விதைப்பு எனலாம்.

அடியில் தூங்குவது நமக்குத் தெரியாத செடி அல்ல. அங்கே பெர்முடா என்று அழைக்கப்படுவது, நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான். மைதானங்களில் பெரும்பாலும் அதன் கலப்பினங்களை வளர்க்கிறார்கள். அவற்றில் பெயர்பெற்ற டிஃப்வே 419, அருகும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றும் கலந்து பிறந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் க்ளென் பர்ட்டன் அதை 1960-இல் வெளியிட்டார். மேலே விதைக்கப்படுவது பெரெனியல் ரைகிராஸ், சுருக்கமாக ரை, என்ற குளிர்நாட்டுப் புல்.

இரண்டும் ஒரே பருவத்தில் செழிக்காததற்குக் காரணம் இலைக்குள் இருக்கிறது. கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது ரூபிஸ்கோ என்ற நொதி. அது அவ்வப்போது கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அதைச் சரிக்கட்டுவதற்குள் ஏற்கெனவே சேர்த்த கார்பனில் ஒரு பங்கு வீணாகிறது, இதுதான் ஒளிச்சுவாசம். வெயில் ஏற ஏற இந்த நஷ்டம் கூடும். ரைகிராஸ், நெல், கோதுமை எல்லாம் இந்த நஷ்டத்தோடு வாழ்கிற சி3 செடிகள். அருகு, கம்பு, சோளம், கரும்பு ஆகியவை சி4. இவை முதலில் வேறொரு நொதியால் கரியமில வாயுவைப் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்கி, இலை நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்கு அனுப்புகின்றன. அங்கே அது மறுபடி வாயுவாகிறது. அந்தச் செல்களில் கரியமில வாயு நெருக்கமாக நிறைந்திருப்பதால் ரூபிஸ்கோ ஆக்சிஜனைப் பிடிப்பது அரிது. ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் கரும்பில் இந்த வழியை 1966-இல் விளக்கினார்கள். இந்தக் கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும். வெயில் தாராளமாகக் கிடைக்கும்வரை கவலையில்லை. குளிர் வந்தால் இந்த வழியின் நொதிகள் மந்தமாகிவிடும், நிழல் விழுந்தால் ஆற்றல் போதாது. மேல்விதைப்பில் நடக்கும் முக்கியக் கோளாறுகளை இந்த இரண்டு பலவீனங்களைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

அருகு 27 முதல் 35 டிகிரியில் செழிக்கும். மண் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் இலை காய்ந்துவிடும். ரைகிராஸ் விதைக்கு மண் 15 முதல் 24 டிகிரிவரை இருந்தால் போதும், ஐந்து முதல் பத்து நாளில் முளைத்துவிடும். ஆகவே அருகு தளர்ந்து, ஆனால் ரைக்கு இன்னும் குளிர் மிகாத ஓர் இடைவெளியில் விதைக்க வேண்டும். இரவு வெப்பம் 13 முதல் 18 டிகிரிக்குள் நிலைக்கும் நாட்கள் அவை. பீனிக்ஸில் அது பெரும்பாலும் அக்டோபர். அவசரப்பட்டு செப்டம்பர் தொடக்கத்தில் விதைத்தால், விழிப்போடு இருக்கும் அருகு நாற்றை நெருக்கிவிடும். போதாக்குறைக்கு வெதுவெதுப்பான இரவும் ஓயாத ஈரமும் சேர்ந்து பூஞ்சை போன்ற பிதியம் கிருமிக்கு விருந்து வைக்கும். நெல் நாற்றங்காலில் பார்க்கிற அதே நாற்றழுகல்தான். காலையில் திட்டுத்திட்டாகப் பிசுபிசுப்புடன் சாய்ந்து கிடக்கும் நாற்று, மதியத்தில் காய்ந்த நூல் போலாகிவிடும். நவம்பர் பாதிக்கு மேல் விதைத்தால் முளைப்பு இழுத்துக்கொண்டே போகும், ஜனவரி வரை தரை சொட்டையாகவே தெரியும்.

விதைப்பதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே அருகுக்குத் தழைச்சத்து உரத்தை நிறுத்திவிட வேண்டும். குளிர்காலத்துக்கான மாவுச்சத்தை அது தண்டிலும் வேரிலும் சேமிக்கிற நேரம் இது. இப்போது யூரியா போட்டால் அந்தச் சேமிப்பெல்லாம் இலையாகக் கரைந்துபோகும். கடைசி இரண்டு வாரம் தண்ணீரைக் குறைத்து, வெட்டும் உயரத்தைப் படிப்படியாக 12 மில்லிமீட்டர் வரை இறக்கலாம். ஒரேயடியாக மொட்டையடிப்பது வேண்டாம். விதை மண்ணைத் தொட்டால்தான் முளைக்கும், சருகின் மேல் கிடந்தால் முளைக்காது என்பதால் வெட்டிய புல்லையும் சருகையும் வாரியெடுத்துவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் பலர் செய்யும் தப்பு, செங்குத்துக் கத்திகள் கொண்ட இயந்திரத்தைவிட்டுத் தரையை ஆழமாகக் கீறுவது. சுத்தமாகத்தான் தெரியும், ஆனால் அறுபடுவது அருகின் ஓடுதண்டு, அதாவது வசந்தத்தில் துளிர்க்கவேண்டிய மொட்டுகள். மேலாக ஒரு கீறல் போதும். கனமான சருகுப்படுகையை அகற்ற வேண்டுமானால் அதற்குரிய காலம் ஜூன், ஜூலை. அருகு முழுவேகத்தில் வளர்ந்து காயத்தை ஆற்றிக்கொள்ளும்.

வீட்டுப் புல்தரைக்குச் சதுர மீட்டருக்கு 50 முதல் 60 கிராம் ரை விதை வேண்டும். ஒரு கிராமில் சுமார் 500 விதை என்று வைத்தால், ஒரு சதுர மீட்டரில் குறைந்தது 25,000 விதை விழுகிறது. மொத்த விதையை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை வடக்கு தெற்காகவும் மறு பங்கைக் கிழக்கு மேற்காகவும் தூவினால் கோடு விழாது. ஓராண்டுப் புல்லான ஆனுவல் ரைகிராஸ் விலை மலிவுதான், ஆனால் இலை தடித்து வெளிறியிருக்கும், வாரம் இருமுறை வெட்டச் சொல்லும். மிச்சமாகும் காசு மோவர் செலவில் போய்விடும். விதைமேல் சலித்த மட்கு எருவைச் சுமார் 5 மில்லிமீட்டர் தூவலாம். அதற்குமேல் மூடினால் மூச்சுமுட்டும்.

முதல் பத்து நாளும் தண்ணீர்தான் முழுநேர வேலை. பகலில் மூன்று நான்கு தடவை, தடவைக்கு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம், மேல்மண் மட்டும் நனையும் அளவுக்கு. தேங்கினால் விதை பள்ளத்துக்கு மிதந்துபோய்க் கூடும். ஊறி முளைவிடத் தொடங்கிய விதை ஒரே ஒரு மதியம் காய்ந்தாலும் செத்துவிடும், அதன்பின் எவ்வளவு ஊற்றியும் பயனில்லை. முளைத்து நிறம் பிடித்ததும் தடவைகளைக் குறைத்து ஆழத்தைக் கூட்ட வேண்டும். மாலை நேரப் பாய்ச்சல் அறவே கூடாது; இரவெல்லாம் இலை ஈரமாயிருந்தால் மறுபடி பிதியம்தான்.

நாற்று ஐந்து சென்டிமீட்டர் எட்டும்போது முதல் வெட்டு, நான்கில் நிறுத்தலாம். அதற்குமுன் இரண்டு நாற்றை விரலால் மெல்ல இழுத்துப் பார்க்கவும். வேரோடு வந்துவிட்டால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். வெட்டிய மறுநாள் இலைநுனி வெள்ளை நார்நாராகத் தெரிந்தால் கத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். முதல் வெட்டுக்குப் பின் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து, அதாவது சுமார் 24 கிராம் அம்மோனியம் சல்பேட் போட்டு உடனே தண்ணீர் விட வேண்டும். நடுக்குளிரில் நைட்ரேட் உரம் மேல். அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் குளிர்ந்த மண்ணில் சோம்பிக் கிடக்கும்.

இதுவரை சொன்னது எளிய பாதி. தரை கெடுவது பெரும்பாலும் அக்டோபரில் அல்ல, மே மாதத்தில்.

இரவு வெப்பம் 15 டிகிரியைத் தாண்டும்போது அருகு கண்விழிக்கும். அப்போது மேலே ரை அடர்ந்து, தன் வாழ்வின் உச்சத்தில் நிற்கும். அருகின் துளிருக்கு வெயிலே எட்டாது. சேமித்த மாவுச்சத்தை வைத்துத் துளிர்த்துப் பார்க்கும், நிழலில் தோற்கும், மறுபடி துளிர்க்கும். கையிருப்பு இப்படியே தீரும். ஜூன் கடைசியில் வெப்பம் ரையைக் கொல்லும்போது அடியில் அருகும் இருக்காது. வெட்டவெளி மண் தெரியும்போதுதான் பலர் பதறித் தண்ணீர் ஊற்றுவார்கள். இதில் ஒரு விபரீதமும் உண்டு. வெப்பம் தாங்கும் புதிய ரை ரகங்கள் பார்க்க அழகு, ஆனால் அவை ஜூன் தாண்டியும் சாகாமல் நிற்பதால் அருகுக்கு இன்னும் கேடு. அடுத்த விதைப்புக்குள் போட்டியில்லாத நூறு நாளாவது அருகுக்குக் கிடைக்க வேண்டும் என்பது துறையில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

ஆகவே ஏப்ரல் கடைசியில் ரையை விலக்கித் தரையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஓர் ஓடுதண்டை ஒடித்தால் உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உள்ளீடற்று இருந்தால் போய்விட்டது. உயிர் இருந்தால் வெட்டும் உயரத்தை மே மாதம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வெயிலை உள்ளே விடலாம். இரவுகள் சூடானதும் தழைச்சத்து கொடுக்கலாம். ரையைக் காயவிடுகிறேன் என்று தண்ணீரை அடியோடு நிறுத்துவது பழைய பழக்கம். இளந்துளிரும் சேர்ந்து வாடும் என்பதால் அது வேண்டாம். கோல்ஃப் மைதானங்களில் ரையை மட்டும் தேர்ந்து கொல்லும் களைக்கொல்லியே அடித்துவிடுகிறார்கள். ஜூலையில் அரிசோனாவின் பருவமழைக் காற்று ஈரம் கொண்டுவரும்போது, உயிர் தப்பிய அருகு பிடித்துக்கொண்டு ஓடும்.

ஒரு கோடையில் புதிதாகப் பதித்த தரைக்கு அந்த ஆண்டு மேல்விதைப்பே கூடாது. சுவர் நிழலிலும் மரத்தடியிலும் ஏற்கெனவே மெலிந்த இடங்களுக்கும் இது பொருந்தும். பீனிக்ஸுக்கும் தண்ணீர் தரும் கொலராடோ ஆற்றில் முதன்முறையாக நீர்த் தட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது 2021 ஆகஸ்டில்; குளிர்காலம் முழுக்கப் பாய்ச்ச வேண்டிய ஒரு புல் தேவையா என்ற கேள்வி அங்கே இப்போது உரக்கவே கேட்கிறது. தூங்கும் அருகுமேல் பச்சைச் சாயம் தெளிப்பது ஒரு மாற்று. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் புல்லுக்கு அது நல்லது.

நம் சமவெளிக்கு ரை தேவையே இல்லை. சென்னையில் ஜனவரி இரவு 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அருகு மெதுவாகும், தூங்காது. இங்கே தரை சொட்டையானால் நிழல், மிதிபட்டு இறுகிய மண், உப்பு நீர், கோரை ஆகியவற்றில் ஒன்றைத்தான் தேட வேண்டும். காரணத்தைச் சரிசெய்த பிறகு அருகையே விதைக்கலாம்: உமி நீக்கிய விதை சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம், ஆழம் 6 மில்லிமீட்டருக்கு மிகாமல். ஏற்கெனவே இருப்பது டிஃப்வே போன்ற கலப்பினமானால் அதற்கு விதையே கிடையாது. கடையில் வாங்கும் சாதா அருகு விதையைத் தூவினால் நிறமும் இலைத்தடிமனும் வேறாகித் திட்டுத் தெரியும். அதே தரையின் ஓரத்தில் பெயர்த்த ஓடுதண்டைக் கணுவோடு நறுக்கி, பத்து சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரு கணு மண்ணுக்குள்ளும் நுனி வெளியிலுமாக ஊன்றி அழுத்தினால் போதும்.