அந்த எரரைச் சொல்வது யார்?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் உயர்தர ஐசிடிக்காகவோ ஏதாவது கோர்ஸுக்காகவோ புரோகிராம் எழுதத் தொடங்கும் பிள்ளைகள் பலருக்குக் கிடைப்பது செக்கன்ட் ஹேண்ட் லெப்டொப்பும் போன் ஹொட்ஸ்பொட்டும்தான். முதல் நாளே நாலு வரி எரர் வந்ததும் சிலர் "நமக்கு இது சரிவராது" என்று மூடிவைத்துவிடுகிறார்கள். சிலர் கடையில் கொடுத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இரண்டும் தேவையில்லாத வேலை. அந்த வரியைச் சொல்வது விண்டோஸா, கொம்பைலரா (நீங்கள் எழுதியதை வாசித்துக் கணினிக்குப் புரிய மாற்றுவது), லிங்கரா (மாற்றிய துண்டுகளை ஒரே புரோகிராமாகச் சேர்ப்பது) என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

'இஸ் நொட் ரெக்கக்னைஸ்ட்' என்று வந்தால் பேசுவது விண்டோஸ். உங்கள் புரோகிராமை இன்னும் யாரும் வாசிக்கவே இல்லை, அதனால் அதில் பிழை தேடாதீர்கள். பைத்தன் மொழியின் வழக்கமான இன்ஸ்டோலரில், முதல் திரையின் அடியில் 'பாத்'தில் (விண்டோஸ் கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்ப்பதற்கு ஒரு கட்டம் இருக்கும். அது டிக் இல்லாமல்தான் வரும், அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போவதும் அதைத்தான். இன்ஸ்டோலரைத் திரும்ப ஓட்டி, 'மொடிஃபை', பிறகு 'நெக்ஸ்ட்' கொடுத்து, வரும் திரையில் 'என்வைரன்மென்ட் வேரியபிள்ஸ்' என்று முடியும் வரிக்கு டிக் போடுங்கள். பிறகு கட்டளை தட்டும் கறுப்புத் திரையை (கொமாண்ட் புரொம்ப்ட்) மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். ஏற்கெனவே திறந்திருந்த திரைக்குப் பழைய பாத்தான் தெரியும். கோட் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடுக்கும் இதே கதைதான்.

'பைத்தன்' என்று தட்டினால் மைக்ரோசொஃப்ட் ஸ்டோர் திறக்கிறதா? செட்டிங்ஸில் 'அப் எக்ஸிகியூஷன் அலியாசஸ்' என்று தேடி, பைத்தன் பெயரில் இருப்பவற்றை ஓஃப் செய்யுங்கள். கறுப்புத் திரையில் 'வேர் பைத்தன்' என்று தட்டினால் எந்த ஃபோல்டரில் இருக்கும் பைத்தன் ஓடுகிறது என்று முதல் வரியில் காட்டும். (இங்கே தமிழில் இருக்கும் கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

பழைய லெப்டொப் என்றால் 'வின்வர்' என்று தட்டி விண்டோஸ் எதுவென்று பாருங்கள். விண்டோஸ் 7இல் பைத்தன் 3.8 வரைதான் ஓடும். 3.9 அல்லது அதற்குப் பிந்தியதன் இன்ஸ்டோலர் அங்கே ஓட மறுக்கும், வேறு வழியில் கொண்டுவந்து போட்டாலும் ஒரு டிஎல்எல் ஃபைல் (புரோகிராம் ஓடத் தேவையான துணை ஃபைல்) இல்லை என்று எரர் வரும். அந்த டிஎல்எல்லை மட்டும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போடுவது வைரஸுக்குக் கதவைத் திறந்துவிடும் வேலை. 3.8ஐயே போடுங்கள், லூப், ஃபங்ஷன், லிஸ்ட் படிக்க அது தாராளமாகப் போதும்.

கொம்பைலர் பேசத் தொடங்கினால் செட்டப் சரி என்று அர்த்தம், அதுவே பாதி வெற்றி. சி மொழிக் கொம்பைலரான ஜிசிசி, ஃபைல் பெயர், வரி எண், எழுத்து எண் மூன்றையும் முன்னால் போட்டுத்தான் வழுவைச் சொல்லும். எப்போதும் முதல் எரரை மட்டும் திருத்தித் திரும்ப ஓட்டுங்கள். ஒரு அடைப்புக்குறி விடுபட்டாலே பத்துப் பதினைந்து எரர் வரிசையாக வரும், அதை மூடினால் எல்லாம் போய்விடும். காட்டிய வரியில் பிழை இல்லையென்றால் அதற்கு மேல் வரியைப் பாருங்கள், செமிகோலன் அங்கேதான் விடுபட்டிருக்கும். பைத்தனில் நேர்மாறு: கடைசி வரிதான் என்ன பிழை என்று சொல்லும், அதற்கு மேலே இருப்பதெல்லாம் அந்த இடத்துக்கு வந்த வழி.

'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு வின்மெயின்' என்றால் பேசுவது லிங்கர். 'மெயின்' ஃபங்ஷனின் பெயரைப் பிழையாக எழுதியிருப்பீர்கள், அல்லது ஃபைலை சேவ் செய்திருக்க மாட்டீர்கள். விஎஸ் கோடில் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் வட்டப் புள்ளி தெரிந்தால் சேவ் ஆகவில்லை. 'பெர்மிஷன் டினைட்' வந்தால், முன்பு ஓட்டிய புரோகிராம் இன்னும் மூடப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வட்ஸ்அப் குரூப்பில் வரும் கோடைக் கொப்பி பண்ணுவதில் ஒரு தொல்லை உண்டு. வரும் வழியில் நேர் மேற்கோள் குறி எங்காவது வளைந்த குறியாக மாறியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் ஜிசிசி 'ஸ்ட்ரே 342' என்று கத்தும், பைத்தன் 'இன்வலிட் கெரக்டர்' என்னும். வரித் தொடக்கத்து இடைவெளிகளும் கலைந்தால் பைத்தனில் 'இன்டென்டேஷன் எரர்' தனியாக வரும். கோடை மெசேஜாக அனுப்பாமல் ஃபைலாக, டொக்கியுமென்ட் என்று இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தோட்டத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில், பைத்தனுக்கான பெக்கேஜ்களை இறக்கிப் போடும் 'பிப் இன்ஸ்டோல்' பாதியில் நின்றுவிடும். பிப் வழக்கமாக 15 வினாடிதான் காத்திருக்கும். கட்டளையோடு, முன்னால் இரண்டு ஹைஃபன் போட்டு 'டைம்அவுட்' 100 என்று கொடுத்தால் பொறுமையாக இருக்கும். அதற்கும் சரிவராவிட்டால், டவுனில் நல்ல இணைப்பு இருக்கும் கணினியில் 'பிப் டவுன்லோட்' கொடுத்து, கிடைக்கும் ஃபைல்களைப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். வீட்டில் 'பிப் இன்ஸ்டோல்' கட்டளையோடு 'நோ-இண்டெக்ஸ்', 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' இரண்டையும் (இவற்றுக்கும் முன்னால் இரண்டு ஹைஃபன்) சேர்த்து, அந்த ஃபோல்டரின் பெயரையும் கொடுத்தால் டேட்டா செலவில்லாமல் இன்ஸ்டோல் ஆகும். இரண்டு கணினியிலும் ஒரே பைத்தன் பதிப்பு இருக்க வேண்டும். ஒன்று 32 பிட், மற்றது 64 பிட் என்றாலும் பல பெக்கேஜ்கள் ஏறாது.

உதவி கேட்கும்போது திரையைச் சாய்வாகப் போட்டோ எடுத்து அனுப்பினால் யாராலும் வாசிக்க முடியாது. விண்டோஸ் 10, 11இல் கறுப்புத் திரையில் மவுஸால் எழுத்தைத் தேர்ந்து என்டர் தட்டினால் கொப்பி ஆகிவிடும். தட்டிய கட்டளை, முழு எரர், விண்டோஸ் பதிப்பு, பைத்தனோ ஜிசிசியோ எந்தப் பதிப்பு, இந்த நான்கையும் அனுப்புங்கள்.