“சத்து மாத்திரைதானே” என்று எல்லாவற்றோடும் சேர்த்து விழுங்காதீர்கள்

சென்ற வாரமும் ஒரு அம்மா வந்தார். தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராமில் தொடங்கி, 75 ஆகி, இப்போது 100இல் வந்து நிற்கிறது. டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ஏறும் ரத்தப் பரிசோதனை அளவு) மட்டும் இறங்கவே இல்லை. “இந்தக் கம்பெனி மாத்திரை கேக்கல தம்பி, வேற கொடுங்க” என்றார். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். விடியற்காலை, வெறும் வயிற்றில், சரியாகத்தான். ஆனால் கூடவே கால்சியம் மாத்திரையும். “ரெண்டையும் ஒரே மடக்குல போட்டாத்தான் மறக்காது.”

மருந்துக் கடையில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மாத்திரையில் குறையே இல்லை. குடலில் கால்சியம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, உடம்புக்குள் போக விடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை காலையில், கால்சியம் மதியமோ இரவோ சாப்பாட்டோடு. இன்னொன்றும் முக்கியம். இப்படிப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கியதும், ஏற்கெனவே கூட்டிவைத்த அளவு உங்களுக்கு அதிகமாகிப்போகலாம், படபடப்பு வரலாம். அதனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், 6 முதல் 8 வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

இதற்கெல்லாம் வேர் ஒரே நினைப்புதான்: கால்சியம் மருந்து இல்லை, சத்து. சத்து எப்போது, எதோடு, எத்தனை போட்டாலும் நல்லதுதான். எனக்கு இதைவிட எரிச்சலூட்டும் பேச்சு வேறில்லை. சர்க்கரை மாத்திரையைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பவர்கள், கால்சியத்தை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று அட்டை அட்டையாக வாங்கிப் போகிறார்கள். என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டால், பட்டியலில் கால்சியத்தைச் சொல்வதும் இல்லை. அது மருந்து கணக்கிலேயே வராதாம்! மற்ற மருந்துகளின் வேலையைக் கெடுக்கக்கூடிய ஒன்று, அளவு மீறினால் ரத்தத்தில் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்க்கக்கூடிய ஒன்று மருந்து இல்லாமல் வேறென்ன? தயவுசெய்து சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளிடம் இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் சேர்த்தே தருவார்கள். சேர்த்துத் தருவதால் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று இல்லை. கால்சியம் இருந்தால் இரும்பு சரியாக ஏறாது. கால்சியத்தைச் சாப்பாட்டோடு இரண்டு வேளை எடுங்கள். இரும்பு மாத்திரையை அதிலிருந்து 2 மணி நேரமாவது தள்ளி, டீயும் பாலும் இல்லாமல், தண்ணீரோடு எடுங்கள். ரத்தம் ஏறவில்லையே என்று வருந்தும் பல பெண்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தால், கால்சியத்தை எவ்வளவு தள்ளிப் போட வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரைக்கும் இதே கவனம் வேண்டும். அந்த நாளில் கால்சியம் மதியத்துக்குத்தான்.

அட்டையின் பின்பக்கம் படியுங்கள். கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடுதான், வயிற்று அமிலம் இருந்தால்தான் கரையும். சிட்ரேட் என்றால் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம். வாயுத் தொல்லைக்குத் தினமும் பான்டோப்ரசோல் போடுகிறவர்களுக்குச் சிட்ரேட்டே நல்லது, மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 1250 மில்லிகிராம் கார்பனேட் என்று போட்டிருந்தால் அதில் இருக்கும் கால்சியம் 500 மில்லிகிராம்தான். ஒரே நேரத்தில் அதற்கு மேல் போட்டால் உடம்பு நன்றாக உறிஞ்சாது. காலையில் மறந்ததை இரவில் இரட்டையாகப் போட வேண்டாம்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. இது சாப்பாட்டையும் சேர்த்த கணக்கு. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் 200க்கு மேல். தட்டில் விட்டுப்போனதை நிரப்பத்தான் மாத்திரை.

இப்போது திட்டப் போகிறேன். 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட் பெரும்பாலும் வாரம் ஒன்றுக்குத்தான் எழுதித் தருகிறார்கள். அதைத் தினமும் பாலில் கலந்து குடித்துவிட்டு, கூடவே கால்சியமும் போட்டால் என்ன ஆகும்? ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், குழப்பமான பேச்சு, அப்புறம் சிறுநீரகப் பாதிப்பு. இந்த அறிகுறிகள் தெரிந்தால் இரண்டையும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். எட்டு வாரத்துக்கு எழுதியது எட்டு வாரத்துக்குத்தான். பழைய சீட்டை வைத்து வருடக்கணக்கில் வாங்காதீர்கள்.

முழங்கால் வலிக்குக் கால்சியம் கேட்டு வருபவர்களுக்கு: வயதானபின் வரும் மூட்டு வலி பெரும்பாலும் குருத்தெலும்புத் தேய்மானம். கால்சியம் அதைத் திரும்ப வளர்க்காது.

கல் வரும் என்று பயந்து பால், தயிரை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். நிறுத்தாதீர்கள். உணவிலுள்ள கால்சியம் கல் உருவாகக் காரணமான ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுகிறது, கல்லைத் தடுக்கவே உதவுகிறது. மாத்திரையின் கதை வேறு. ஏற்கெனவே கல் வந்தவர்கள், சிறுநீரக நோயாளிகள், இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவர்கள், ரத்த அழுத்தத்துக்குத் தயசைடு வகை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவர் எழுதாமல் ஒரு அட்டைகூட வாங்காதீர்கள். உங்கள் மாத்திரை எந்த வகை என்று தெரியாவிட்டால் வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருந்துக் கடைக்கு எடுத்து வாருங்கள், பார்த்து நேரம் பிரித்து எழுதித் தருகிறோம்.