பொங்குவது வேறு, புளிப்பது வேறு

இட்லி மாவைக் குறித்து நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் கேட்கப்படுவதுண்டு. "மாவு பொங்கிவிட்டதா?" என்பது ஒன்று; "புளித்துவிட்டதா?" என்பது மற்றொன்று. பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம் என்றாலும், பாத்திரத்துக்குள் நடப்பவை இரு வேறு வேலைகளே. பொங்கவைப்பது வாயு, புளிக்கவைப்பது அமிலம்.

தயிருக்கு உறை ஊற்றுவதுபோல் இட்லி மாவுக்கு யாரும் ஊற்றுவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. அவற்றுள் மாவை உப்பவைப்பதில் முதன்மையானது லியூகோனோஸ்டாக் மெசென்டராய்டஸ் என்று கீத் ஸ்டெய்ன்கிராஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1965-ல் எழுதினார்கள். இது சர்க்கரையைச் சிதைக்கும்போது லாக்டிக் அமிலத்தோடு கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடுகிறது. உளுந்தின் புரதமும் வழுவழுப்பான பசையும் சேர்ந்து அந்த வாயுவை வெளியேறவிடாமல் குமிழிகளாகப் பிடித்து வைக்கின்றன. அரிசி மாவு மட்டும் இருந்தால் வாயு தங்காது. மாவில் அமிலம் ஏற ஏற, அதைத் தாங்கக்கூடிய, பெரும்பாலும் அமிலத்தை மட்டுமே தரும் வேறு பாக்டீரியாக்கள் கை ஓங்குகின்றன. பொங்குதல் முந்தி, புளிப்பு பிந்தி வருவதே நல்ல இட்லிக்கான வரிசை.

அவசரம் குலைப்பது இந்த வரிசையைத்தான். ஒரு டிசம்பர் இரவில், விடிவதற்குள் மாவு தயாராக வேண்டுமென்று பாத்திரத்தைச் சூடாக்கிய ஓவனுக்குள் வைத்தேன். காலையில் மேலே ஏடு படிந்து, மூக்கைத் துளைக்கும் புளிப்பு வாசனை வந்ததே தவிர, மாவு விரற்கடை அளவுகூட உயரவில்லை. வாயு தரும் பாக்டீரியாவுக்கு உகந்தது 20 முதல் 30 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டிச் சூடேற்றினால் அமிலம் தருபவை முந்திக்கொள்கின்றன. ஆப்பச்சோடா போடுவது இதற்கு நேர்மாறான குறுக்குவழி: புளிப்பில்லாமலே உப்பவைத்துவிடலாம். ஆனால் மாவில் அமிலம் போதாதபோது மிஞ்சும் சோடா ஒருவிதச் சோப்புச் சுவையையும் மஞ்சள் நிறத்தையும் தரும். அமிலத்துக்கு எதிரான அந்தக் காரத்தன்மையில் வேகும்போது தயமின் என்னும் வைட்டமினும் அழியும்.

சரி, எத்தனை மணி நேரம் காத்திருப்பது? எட்டு என்றும் சொல்லலாம், பதினான்கு என்றும் சொல்லலாம். ஊர், பருவம், உளுந்தின் வயது எல்லாம் அதை மாற்றும். அதனால்தான் கைப்பக்குவம் கடிகாரத்தைவிட நம்பகமானது. உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009-ல் ஆராய்ந்து, சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அதைப் பழகிக் கற்கப் போதிய வாய்ப்பும் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். பங்குச் சந்தையில் கிடைக்காத இந்த இரண்டும் இட்லிப் பானையில் தாராளமாகக் கிடைக்கின்றன. இரவில் எடுத்த முடிவுக்குக் காலையில் தட்டிலேயே விடை வந்துவிடுகிறது. அப்படி ஆயிரம் காலைகளைக் கண்ட மூக்குக்கு, பொங்கிய மாவின் இளம்புளிப்பு வாசனை எது, கடந்துபோன புளிப்பு எது என்று தெரியும்.

என் அத்தை அரைக்கும்போதே பதம் பார்ப்பார். உளுந்து மாவில் ஒரு பொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுவார்; ஆட்டுக்கல் அடித்து உள்ளே புகுத்திய காற்றால் அது நீரைவிட இலேசாகி மிதக்கும். மிதக்காவிட்டால் மறுபடி கல்லைச் சுற்றுவார். மறுநாள் மூடியைத் திறந்து, பாத்திரத்தை லேசாகச் சாய்த்து, முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கட்டும்" என்று திரும்ப மூடிவிடுவார்.