‘ஜெயிச்சிட்டோம்’: அந்த ‘ஓம்’ எங்கிருந்து வருகிறது?

ஜனவரி மாதம், நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் நகரம். குளிர் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இருக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் கேமரன் உள்விளையாட்டு அரங்குக்கு வெளியே, புல்தரையில் கூடாரங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆள் சரிபார்க்கும் அழைப்பு வருகிறது. கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவர்கள் தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்து, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று காட்டிவிட்டுத் திரும்பப் போய்ப் படுக்கிறார்கள். எழுந்து வராமல் தூங்கிவிட்டால் வரிசையில் பிடித்த இடம் போய்விடும். இவர்கள் யாரும் வீடு இல்லாதவர்கள் அல்லர். அமெரிக்காவிலேயே மிக அதிகக் கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகங்களில் ஒன்றில் படிக்கும் பிள்ளைகள். சூடான விடுதி அறை நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

எல்லாம் ஒரே ஒரு கூடைப்பந்து ஆட்டத்துக்காக. சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி சேப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகத்தோடு நடக்கும் ஆட்டம். கேமரன் அரங்கில் 9,314 பேர்தான் உட்கார முடியும். மாணவர்களுக்கு அனுமதி இலவசம். ஆனால் அவர்களுக்கான இடம் அதில் ஒரு சிறு பங்குதான், அதுவும் முதலில் வருபவருக்கே. 1986இல் சிலர் விளையாட்டாகக் கூடாரம் அடித்து ஆரம்பித்தது, இன்று பக்கம் பக்கமாக விதிகள் எழுதப்பட்ட ஒரு குட்டி ஊர். அன்றைய பயிற்சியாளர் மைக் ஷிஷெஃப்ஸ்கியின் பெயரில் அதற்கு ‘கே-வில்’ என்று பெயர். (அந்தப் பெயரை உச்சரிக்க அமெரிக்கர்களுக்கே நாக்கு சுளுக்குவதால் அவர் எல்லோருக்கும் ‘கோச் கே’.) ஒரு கூடாரத்துக்குப் பன்னிரண்டு பேர் வரை சேரலாம். முதல் கட்டத்திலேயே கூடாரம் போடுபவர்கள் பல வாரம் முறை வைத்து அங்கே காவல் கிடக்க வேண்டும்.

சரி, யாருக்காக இந்தத் தவம்? யோசித்தால் விசித்திரமாக இருக்கும். கல்லூரி ஆட்டக்காரன் வழக்கமாக நான்கு பருவம்தான் ஆட முடியும். கெட்டிக்காரன் என்றால் ஒரே வருடம் ஆடிவிட்டு என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக்குக்குப் போய்விடுவான். 2021க்குப் பிறகு விதிகள் தளர்ந்ததால், ஒரு வருடம் ஆடாமல் காத்திருக்காமலே வேறு பல்கலைக்கழகத்துக்குத் தாவவும் முடிகிறது. கோச் கே 42 பருவங்கள் இருந்துவிட்டு 2022இல் ஓய்வு பெற்றார். ஆட்டக்காரர் மாறுகிறார், பயிற்சியாளர் மாறுகிறார், ஆட்ட விதிகூட மாறுகிறது. மிஞ்சுவது ஒரு பெயர், ஒரு நிறம், ஒரு கட்டடம். நட்சத்திரத்தின் முகத்தைப் பார்த்து ரசிகராவது எளிதில் புரிகிற விஷயம். இங்கே முகம் மனதில் பதிவதற்குள் ஆள் ஊரைவிட்டே போய்விடுகிறார். ஆனாலும் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் டியூக்கின் நீல நிறத்துக்காகத் தொலைக்காட்சியைப் பார்த்துத் திட்டுகிறார். அப்படியென்றால் பிடிப்பு விழுவது ஆட்டக்காரர்மேல் அல்ல, வேறு எதன்மேலோ.

அந்தப் பிடிப்பு பெரும்பாலும் இரண்டு வயதுகளில் விழுகிறது. முதலாவது, பிள்ளைப் பருவம். 2014இல் சேத் ஸ்டீஃபன்ஸ்-டேவிடோவிட்ஸ் என்ற பொருளியலாளர், ஃபேஸ்புக்கில் எந்த பேஸ்பால் அணியை யார் விரும்புகிறார்கள் என்ற தரவை ரசிகர்களின் பிறந்த ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஆண்களிடம் ஒரு வயது தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது: எட்டு. ஒரு பையனுக்கு எட்டு வயது ஆகும்போது எந்த அணி கோப்பை வென்றதோ, அந்த அணியை அவன் பெரியவனான பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். இது பேஸ்பால் கணக்கு, கல்லூரிக் கூடைப்பந்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் காரணம் ஊகிக்கக்கூடியதுதான். எட்டு வயதுப் பிள்ளை ஆட்ட நுணுக்கத்தை எடை போடுவதில்லை. அப்பா எதைப் பார்த்துத் துள்ளுகிறார், எதற்காக அம்மா சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறார் என்றுதான் பார்க்கிறது. எப்படி ரசிகரானீர்கள் என்று ஆய்வாளர்கள் கேட்கும்போதெல்லாம் அப்பா, குடும்பம், நண்பர்கள், ஊர் என்பவையே திரும்பத் திரும்பப் பதிலாக வருகின்றன.

ஊருக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. கென்டக்கி, கான்சஸ் மாநிலங்களில் என்.பி.ஏ. அணியே கிடையாது. வட கரோலினாவுக்கே 1988இல்தான் ஒன்று கிடைத்தது. கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்த ஊருக்கு ஒரு ‘நம்ம டீம்’ வேண்டும் என்றால் பல்கலைக்கழகம்தான் கதி. கான்சஸுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1891இல் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தான் கான்சஸ் பல்கலைக்கழக அணியின் முதல் பயிற்சியாளர். அவர் காலத்தில் 55 வெற்றி, 60 தோல்வி. அந்த அணியின் வரலாற்றிலேயே வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருக்கும் ஒரே பயிற்சியாளர் அவர்தான். வாத்தியாருக்கே வந்த சோதனை.

இரண்டாவது வயது, பதினெட்டு. வேறு மாநிலத்திலிருந்து, சில சமயம் வேறு நாட்டிலிருந்தே வந்து சேர்ந்தவர். அதுவரை கூடைப்பந்தை ஏறெடுத்தும் பார்க்காதவர். நான்கே வருடத்தில் ஆயுள் ரசிகராகிவிடுகிறார். இங்கே நினைவு வேலை செய்கிறது. வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலத்து நிகழ்ச்சிகள் மற்ற வருடங்களைவிட அதிகமாகக் கொட்டும். வீட்டைவிட்டு முதன்முறை வெளியேறியது, முதல் காதல், முதல் தோல்வி எல்லாம் அந்த வருடங்களில்தான் குவிந்து கிடக்கின்றன. கல்லூரி அணி அந்தக் குவியலுக்குள்ளேயே பதிந்துவிடுகிறது. அப்புறம் அந்த அணியின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அந்த வயதும் கூடவே எழுந்து வருகிறது.

கூடாரக் குளிர் இதற்கு மேல் ஒரு முடிச்சு போடுகிறது. 1959இல் எலியட் ஆரன்சனும் ஜட்சன் மில்ஸும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர விரும்பிய மாணவியரில் ஒரு பிரிவினர், ஆண் ஆய்வாளர் முன்னால் கூச்சம் தரும் ஆபாச வார்த்தைகளை உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. இன்னொரு பிரிவினருக்கு லேசான நுழைவுச் சோதனை. மூன்றாம் பிரிவினருக்கு அதுவும் இல்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே உரையாடலைக் கேட்கக் கொடுத்தார்கள். வேண்டுமென்றே கொட்டாவி வரும்படி தயாரிக்கப்பட்ட உரையாடல் அது. கடும் சோதனையைத் தாண்டி வந்தவர்களுக்கு மட்டும் அது மற்றவர்களைவிடச் சுவையாக இருந்தது. இவ்வளவு பட்டு வந்தது வீண் என்று ஒத்துக்கொள்ள மனம் இடம் கொடுக்காது. வந்து சேர்ந்த இடம் உயர்ந்தது என்று சொல்லிக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். ஆறு வாரம் குளிரில் கிடந்தவனிடம் போய் ‘என்னப்பா, ஒரு பந்தாட்டம்தானே’ என்று சொல்லிப் பாருங்கள்.

இதே டியூக் கூடாரங்களைச் சுற்றியே நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. முக்கியமான சில ஆட்டங்களுக்கு, வரிசையில் காத்துக் கிடந்த பிறகும் குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் சீட்டு. ஸீவ் கார்மனும் டான் அரியேலியும், குலுக்கல் முடிந்த பிறகு இரு தரப்பையும் கூப்பிட்டு விலை கேட்டார்கள். சீட்டு கிடைக்காதவர்கள் அதை வாங்கச் சராசரியாகச் சுமார் 170 டாலர் தரத் தயாராக இருந்தார்கள். கிடைத்தவர்கள் விற்பதற்குச் சுமார் 2,400 டாலர் கேட்டார்கள். முதல் நாள் வரை இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்றவர்கள், ஒரே ஆர்வம். பிரித்தது குலுக்கல் மட்டும்தான். 170 சொன்னவர் அந்தப் பணத்தில் வேறு என்னென்ன செய்யலாம் என்று பேசினார். 2,400 கேட்டவர் பேரப்பிள்ளைகளிடம் சொல்லப்போகும் அனுபவத்தைப் பற்றிப் பேசினார். (அரியேலி பங்கேற்ற வேறொரு ஆய்வுக் கட்டுரை, தரவு மோசடி தெரியவந்து 2021இல் திரும்பப் பெறப்பட்டது. இது அதுவல்ல.) ஒரு பொருள் ‘என்னுடையது’ ஆனவுடன் அதன் விலை எகிறுவது காப்பிக் கோப்பையில்கூட நடக்கும். அணி ‘என்னுடையது’ ஆனால் எவ்வளவு எகிறும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது அந்த ‘ஓம்’. 1970களில் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் ஏழு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு எளிய வேலை செய்தார்கள். திங்கட்கிழமை காலை வகுப்பில் எத்தனை பேர் கல்லூரிப் பெயர் பொறித்த உடை போட்டு வந்திருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். சனிக்கிழமை கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணி ஜெயித்திருந்தால் எண்ணிக்கை ஏறியது. அடுத்து தொலைபேசிச் சோதனை. மாணவர்களைக் கூப்பிட்டுக் கல்லூரி வாழ்க்கை பற்றிச் சில கேள்விகள் கேட்டார்கள். விடை எப்படி இருந்தாலும் பாதிப் பேரிடம் நன்றாகச் சொன்னீர்கள் என்றும், மீதிப் பேரிடம் மோசம் என்றும் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு குறிப்பிட்ட ஆட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். மட்டம் தட்டப்பட்டவர்கள், வெற்றி என்றால் ‘ஜெயித்தோம்’ என்றார்கள், தோல்வி என்றால் ‘தோற்றார்கள்’ என்றார்கள். பாராட்டுப் பெற்றவர்களிடம் இந்த வேறுபாடு அவ்வளவு இல்லை. அடிபட்ட தன்மானத்துக்கு அணியின் வெற்றி மருந்தாகிறது.

ஆங்கிலத்தில் இதற்கு ‘we’ என்று ஒரே ஒரு சொல்தான். தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு இருப்பதால் இன்னும் நுட்பமாகப் பார்க்கலாம். எதிர் அணிக்காரனிடம் ‘நாங்க ஜெயிச்சிட்டோம்’ என்று வெறுப்பேற்றுவோம். பக்கத்து இருக்கையில் இருக்கும் முன்பின் தெரியாத ஆளிடம் ‘நாம ஜெயிச்சிட்டோம்’ என்று சொல்லிக் கட்டிப்பிடிப்போம். ரசிகராவது என்பது இந்த இரண்டாவது சொல்லுக்குள் போய்ச் சேர்வது என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லோரும் தோற்றவுடன் ‘அவர்கள்’ என்று கைகழுவுவதில்லை. கான்சஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் வானும் நைலா பிரான்ஸ்கோம்பும் 1990இல் இதைத்தான் கவனித்தார்கள். அணியோடு லேசாக ஒட்டியவர்கள் தோல்விக்குப் பிறகு நழுவுகிறார்கள். ஆழமாக ஒட்டியவர்கள் நழுவுவதில்லை. அவர்களுக்கு அணி என்பது மாட்டிக் கழற்றும் சட்டை அல்ல, தோல். 1993இல் இவர்கள் வகுத்த ஏழே கேள்விகள் கொண்ட அளவுகோல்தான், ஒருவர் எந்த ரகம் என்று பார்க்க இன்றுவரை பயன்படுகிறது.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. ஜார்ஜியா டெக், ஜார்ஜியா பல்கலைக்கழகம் இரண்டும் மோதிய கூடைப்பந்து ஆட்டம் ஒன்றுக்கு முன்னும் பின்னும் ரசிகர்களின் எச்சிலை எடுத்துப் பார்த்தார்கள். ஜெயித்த தரப்பு ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறியிருந்தது, தோற்ற தரப்பில் இறங்கியிருந்தது. எட்டே பேர்தான், அதனால் இதை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. இண்டியானா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஹர்ட்டின் குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இதைவிடச் சுவாரசியம். தங்கள் அணியின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து முடித்த ரசிகர்களிடம் அவர்களைப் பற்றியே கேட்டார்கள்: அம்பெறிவீர்களா, சொற்புதிர் போடுவீர்களா, ஒரு பெண்ணை வெளியே அழைத்தால் சம்மதிப்பாளா? அணி தோற்ற நாளில் ரசிகர்கள் தங்கள் திறமையையே குறைத்து மதிப்பிட்டார்கள். பந்தைத் தவறவிட்டவன் வேறு யாரோ. கை நடுங்கியது இவனுக்கு.

டியூக்கிலேயே நரம்பியல் ஆய்வாளர்கள் 2010இல் இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். டியூக், கரோலினா இரு தரப்பு ரசிகர்களையும் பழைய ஆட்டம் ஒன்றை முழுதாகப் பார்க்க வைத்தார்கள். பிறகு மூளை ஸ்கேனருக்குள் படுக்க வைத்து, அதே ஆட்டத்தின் துண்டுகளைப் போட்டு, பந்து வளையத்தை அடைவதற்கு முன்பே நிறுத்தி, விழுந்ததா இல்லையா என்று கேட்டார்கள். தங்கள் அணிக்குச் சாதகமாக முடிந்தவையே இரு தரப்புக்கும் நன்றாக நினைவிருந்தன. பார்த்தது ஒரே ஆட்டம். வீட்டுக்குக் கொண்டு போனது வேறு வேறு ஆட்டம். இந்த நினைவுகள் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும்போது, ‘நாம் என்றாலே தனி ரகம்’ என்ற கதை தானாகக் கட்டப்பட்டுவிடுகிறது.

ஆனால் வெற்றியின் இனிப்பு மட்டும்தான் ரசிகரைப் பிடித்து வைக்கிறது என்றால், கல்லூரிக் கூடைப்பந்துக்கு இந்நேரம் ஆளே இருக்காது. முதல் பிரிவில் 350க்கு மேற்பட்ட அணிகள். மார்ச் மாதம் தொடங்கும் தேசியப் போட்டிக்கு அழைக்கப்பட்டு வந்தது அவற்றில் 68. ஒருமுறை தோற்றால் வீட்டுக்கு. அழைக்கப்பட்ட 68இல் 67 அணிகளின் பருவம் தோல்வியில்தான் முடியும். கிட்டத்தட்ட ஒவ்வொரு ரசிகரும் ஒவ்வொரு வருடமும் ஒருமுறை நெஞ்சு உடைகிறார். அது அவர்களை விரட்டுவதற்குப் பதில் ஒட்ட வைக்கிறது என்பதற்கு இங்கிலாந்துக் கால்பந்தில் சான்று இருக்கிறது. மார்த்தா நியூசனும் சக ஆய்வாளர்களும் பார்த்தபோது, அதிகம் தோற்ற கிளப்புகளின் ரசிகர்களே ஒருவரோடு ஒருவர் கூடுதலாகப் பிணைந்திருந்தார்கள். கல்யாண வீட்டில் சந்தித்தவரை மறந்தாலும் சாவு வீட்டில் கூட நின்றவரை மறக்கமாட்டோம் என்பது நமக்குத் தெரியாததா?

2022 ஏப்ரல் 2. நியூ ஆர்லியன்ஸில் தேசியப் போட்டியின் அரையிறுதி. நூறு வருடப் பகையில் டியூக்கும் கரோலினாவும் அந்தப் போட்டியில் மோதியது அதுதான் முதல் முறை. கோச் கே தோற்றால் அதோடு அவருடைய பயிற்சியாளர் வாழ்க்கையே முடிந்தது. கரோலினா ஒரு புள்ளி முன்னிலை, இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லை. டியூக்கின் மார்க் வில்லியம்ஸ் இரண்டு இலவச எறிகளையும் தவறவிட்டார். சுமார் 25 விநாடி இருக்கும்போது கரோலினாவின் கேலப் லவ் எட்ட நின்று எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தது, மூன்று புள்ளி. 81-77. சேப்பல் ஹில்லின் ஃபிராங்க்ளின் தெருவில் கூட்டம் பொங்கி வழிந்தது. இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில், பாதி நேரத்தில் 15 புள்ளி முன்னால் இருந்த கரோலினா கான்சஸிடம் 72-69 என்று தோற்றது.

அடுத்த வருடமே கேலப் லவ் கரோலினாவை விட்டு அரிசோனாவுக்கு மாறிவிட்டார். 2023 நவம்பரில் அரிசோனா சட்டையில் கேமரன் அரங்குக்கே வந்து டியூக்கை 78-73 என்று சாய்த்த அணியில் ஆடினார். அந்த வெற்றி அரிசோனாக்காரர்கள் கணக்கில் போயிற்று. ஏப்ரலில் விழுந்த மூன்று புள்ளியை மட்டும் அவரால் கூட எடுத்துப்போக முடியவில்லை, அது ஃபிராங்க்ளின் தெருக்காரர்களுடையது.